அ லா கார்ட்டா, தாப்ல் தோட்டா?

காலையில் டிபனுக்குப் போனால் அ லா கார்ட். மதியம் சாப்பாட்டுக்குப் போனால் தாப்ல் தோட். பெயர் தெரியாமலேயே இரண்டையும் நாம் அன்றாடம் அனுபவித்துவருகிறோம்.

பிரெஞ்சில் ‘கார்ட்’ என்றால் அட்டை; உணவகத்தில் அது விலையோடு எழுதிய உணவுப் பட்டியல். அ லா கார்ட், பட்டியலைப் பார்த்து வேண்டியதை மட்டும் கேட்டு வாங்குவது. நம் டிபன் கடையில் அந்த அட்டை சர்வரின் நாக்கில் இருக்கிறது. அவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். நாம் இரண்டு இட்லி, ஒரு வடை என்போம். பில்லில் இட்லிக்குத் தனி விலை, வடைக்குத் தனி விலை.

தாப்ல் தோட் என்றால் ‘விருந்தளிப்பவரின் மேசை’. பழைய பிரெஞ்சு விடுதிகளில் குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டு, ஒரே தொகையைக் கொடுப்பார்கள். (‘தோட்’டுக்குள் இருக்கும் ‘ஓட்’ என்ற சொல் பிரெஞ்சில் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தாளியையும் குறிக்கும். யார் பணம் கொடுப்பது என்பதில் மட்டும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.) 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் ரெஸ்டாரண்ட் என்ற புதுவகைக் கடைகள் வந்தபோது, தனி மேசையும் விலைப் பட்டியலும் சேர்ந்தே வந்தன. நம் வாழை இலை மீல்ஸ் பழைய வகை. கூட்டைத் தொடாமல் ஒதுக்கினாலும் ஒரு ரூபாய் குறையாது.

பயன்பாட்டில் ஒரு பொறி உண்டு. ஆங்கிலத்தில் மெனு என்றால் பட்டியல். பிரான்சிலோ ‘மெனு’ பெரும்பாலும் நிலையான விலையில் வரும் முழுச் சாப்பாட்டைக் குறிக்கும். பாரிஸ் உணவகத்தில் பட்டியலைப் பார்க்க வேண்டுமானால் ‘கார்ட்’ என்றுதான் கேட்க வேண்டும்.

ஆங்கிலத்தில் தாப்ல் தோட் இன்று மங்கிவிட்டது. அதன் இடத்தை ‘செட் மெனு’ பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் இன்னொரு பிரெஞ்சுத் தொடரான ‘ப்ரீ ஃபிக்ஸ்’ என்பதைச் சொல்வார்கள். அ லா கார்ட் மட்டும் சாப்பாட்டு மேசையை விட்டு வெளியேறி நம் வீட்டு டிவிக்கே வந்துவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டிவி கட்டண முறையில், தனித்தனியாக எடுக்கும் சேனல் ‘அ லா கார்ட்’. மொத்தமாக எடுத்தால் ‘பொக்கே’. அதுவும் பிரெஞ்சுதான், பூங்கொத்து. பொக்கேயில் இடம்பெறும் சேனலின் தனி விலைக்கு 19 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். அந்த விலையில் ஐந்து சேனல் எடுத்தாலே வரி நீங்கலாக 95 ரூபாய்.

என்னைக் கேட்டால், எது வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு அ லா கார்ட் லாபம். பசியோடு வந்தவருக்கு மீல்ஸ். டிவி விஷயத்தில் நான் இரண்டாம் ரகம். பூங்கொத்தை வாங்கிவிட்டு, அதில் நான்கு பூவை மட்டும் முகர்ந்துகொண்டிருக்கிறேன்.