விளக்குத்தூண் ஃபேமஸ் ஜிகர்தண்டா: என் கணக்கில் இது ஐஸ்கிரீம் கடை

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மனைக் கும்பிட்டு முடித்ததும் கேட்பது, நல்ல ஜிகர்தண்டா எங்கே கிடைக்கும் என்றுதான். ஊர்க்காரர்களில் நிறையப் பேர் விளக்குத்தூண் பக்கம் கையைக் காட்டுவார்கள். கீழமாரட் வீதியில் இருக்கிற ஃபேமஸ் ஜிகர்தண்டா. இந்தக் கடையைப் பற்றி எழுதாதவர் யாரும் இல்லை, ஆனால் எழுதுகிற எல்லாரும் கடற்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் "மேலே ஒரு ஐஸ்கிரீம்" என்று முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. டம்ளரில் விஷயமே அந்த ஐஸ்கிரீம்தான், மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தவை.

கடையின் கதையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற ஆறாம்பண்ணையிலிருந்து மதுரைக்கு வந்தவர் ஷேக் மீரான். வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்து தெருத்தெருவாகப் போய் விற்றிருக்கிறார். ஜிகர்தண்டாவுக்கு என்று கடை வந்தது 1977-ல். அதாவது ஐஸ்கிரீம்காரர் ஒருவர் பிறகு ஜிகர்தண்டா போட்டிருக்கிறார், ஜிகர்தண்டாக்காரர் வெளியே ஐஸ்கிரீம் வாங்கி மேலே வைக்கவில்லை. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். இப்போது அடுத்த தலைமுறை நடத்துகிறது, வெளியூர்களிலும் கிளைகள் வந்துவிட்டன, ஆனாலும் தொழில் குடும்பத்தின் கையிலேயேதான் இருக்கிறது.

அந்த ஐஸ்கிரீமுக்கு மதுரையில் பாய் ஐஸ்கிரீம் என்று பெயர். வெள்ளை வெளேரென்று இருக்காது, லேசான பழுப்பு. கலர் பொடி போட்டு வந்த நிறமில்லை. பாலை நேரம் பார்க்காமல் சுண்டக் காய்ச்சும்போது பாலில் இருக்கிற சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து உண்டாகிற நிறம், வாசனையும் அதிலிருந்துதான். வீட்டில் பால்கோவா கிளறியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பழைய முறையில் இந்தப் பாலை ஒரு உருளைப் பாத்திரத்தில் ஊற்றி, அதை மரவாளிக்குள் இறக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல் உப்பும் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். வெறும் ஐஸ் உருகுவது 0 டிகிரியில், அந்தக் குளிர் பாலை ஐஸ்கிரீம் ஆக்கப் போதாது. உப்பு சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும்கூட இறங்கும். மின்சாரம் இல்லாத வீட்டிலும் ஐஸ்கிரீம் செய்ய முடிந்தது இந்த ஒரு கைப்பிடி உப்பால்தான் (சரி, கைப்பிடி இல்லை, கிலோக் கணக்கில்).

இப்படிக் கையால் சுற்றும்போது காற்று அதிகம் ஏறாது. தொழிற்சாலை ஐஸ்கிரீமில் கன அளவில் பாதி வரை காற்று இருக்கலாம், ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருந்தால் போதும் என்றுதான் நம் நாட்டு விதியே சொல்கிறது. டப்பா பெரிதாக இருந்தும் கையில் கனக்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். பாய் ஐஸ்கிரீம் அப்படிப் பஞ்சாக இருக்காது. ஸ்பூன் வைத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் விடும், வாயில் போட்டதும் கரைந்து ஓடாமல் நின்று கரையும்.

கடையில் நின்று பாருங்கள், டம்ளர் நிரம்புவது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அடியில் கடற்பாசி, அதன் மேல் சர்பத், பால், அப்புறம் அந்தப் பழுப்பு உருண்டை. ஸ்பெஷல் கேட்டால் பாசந்தியும் சேரும். பசித்துப் போனால் ஸ்பெஷல் வாங்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்குச் சாதாவே தாராளம். என் நாக்குக்குச் சாதாதான் சரி, பாசந்தி சேர்ந்ததும் ஐஸ்கிரீமின் காய்ச்சிய வாசனை தனியாகத் தெரியாமல் போய்விடுகிறது. இன்னொன்று, வாங்கியதும் கலக்கி விடாதீர்கள். முதல் இரண்டு ஸ்பூன் ஐஸ்கிரீமை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அது ஓரத்தில் இளகிப் பாலோடு சேர ஆரம்பிக்கும்போது கடற்பாசியை அடியிலிருந்து மேலே கொண்டு வாருங்கள். கடற்பாசிக்கென்று தனி ருசி கிடையாது, வழுக்கிக்கொண்டு போகிற அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் அது.

வேறு ஊர்களில் "மதுரை ஜிகர்தண்டா" என்று போர்டு மாட்டிய சில இடங்களில் குடித்துப் பார்த்து நொந்திருக்கிறேன். ஒரு இடத்தில் சிவப்பாக ரோஸ் சிரப், ஜெல்லித் துண்டு, மேலே டப்பாவிலிருந்து எடுத்த வெனிலா. அந்த வெனிலாவும் ஐஸ்கிரீம்தானா என்று சந்தேகம், ஏனென்றால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டால் விதிப்படி அதற்கு ஃப்ரோசன் டெசர்ட் என்று பெயர். கடற்பாசியை எங்கேயும் வாங்கிவிடலாம், நன்னாரி சர்பத் பாட்டிலில் கிடைக்கிறது. பாலைச் சுண்ட வைக்கிற பொறுமைக்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிடுகிற ஐஸ்கிரீம் பார்லர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தெருவில் நின்றுதான் சாப்பிட வேண்டும், ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் ஸ்பூன், நடுவில் பைக் ஹாரன். 1840-களில் கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்கிற விளக்குத்தூண் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த வேலையில் கூட இருந்த மாரட் பெயர்தான் இந்தத் தெருவுக்கு. சுற்றிலும் ஜவுளிக்கடைகள், அதனால் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சாயங்காலம் அந்தப் பக்கம் போகவே யோசிப்பேன். சித்திரைத் திருவிழா நாட்களும் அப்படித்தான். மற்ற நாட்களில் மத்தியானம் போனால் சௌகரியம், வெயிலுக்கும் பொருத்தம். பார்சல் மட்டும் வேண்டாம், ஐஸ்கிரீம் முழுக்க உருகிப் பாலோடு ஒன்றாகிவிட்டால் வெறும் இனிப்புப் பால்தான் மிஞ்சும்.