சமையலறைக் கழிவுக்கு எந்த வழி: வண்டியா, மாடா, பானையா, தெருக்குழியா?

நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சமையலறைக் கழிவு சேரும். காய்த்தோல், காபித்தூள் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, மீந்த சோறு, ஞாயிற்றுக்கிழமையானால் கோழி எலும்பு. இதை வீட்டை விட்டு வெளியேற்றக் கொங்கு ஊர்களில் இன்று பல வழிகள் இருக்கின்றன. தூய்மைப் பணியாளரின் வண்டி காலையில் வருகிறது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் கேட்கிறார். மொட்டைமாடியில் மக்கவைக்கும் பானை வைக்கலாம், மண்புழு வளர்க்கலாம், கழிவிலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்கும் எரிவாயுக் கலன் வாங்கலாம். தெருவே சேர்ந்து ஒரு குழியும் போடலாம்.

இவற்றைப் பொதுவாகச் செலவு, இடம், நாற்றம் என்ற மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அவை முக்கியம்தான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறொன்று: கடைசியில் கிடைக்கும் எருவை ஒரு தோட்டக்காரர் தன் மண்ணில் போடச் சம்மதிப்பாரா? நம் பக்கத்து ஊர்களுக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான். கோபியோ பொள்ளாச்சியோ பல்லடமோ, ஊர் முடிகிற இடத்திலேயே தோட்டம் ஆரம்பித்துவிடும். தென்னைக்கும் வாழைக்கும் மஞ்சளுக்கும் எரு தேடி அலைகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மாட்டுச்சாணம் முன்போல் கிடைப்பதில்லை. ஆனாலும் ஊர்க்குப்பை உரம் என்றாலே அவர்கள் தயங்குகிறார்கள். "எருன்னு குடுத்துப்போட்டு உள்ளுக்குள்ள பாலிதீன் கெடக்குதுங்களே" என்று ஒரு முறை சொன்னவர் அடுத்த முறை வண்டியைத் தோட்டத்துக்குள் விடமாட்டார். உழவில் புரண்டு துண்டு துண்டாகிப் போன பாலிதீனை மண்ணிலிருந்து யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வழியிலும் பிளாஸ்டிக் கலக்க எத்தனை வாய்ப்பு இருக்கிறது என்பதையே என் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வண்டி. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே மக்குவது, மக்காதது என்று குப்பையை வகை பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரித்துத் தந்தால் மக்கும் குப்பை நுண் உரக்குடிலுக்குப் போகும். அங்கே அரைத்து, காற்றோட்டமுள்ள தொட்டிகளில் அடுக்கி, மக்கவைத்துச் சலிப்பார்கள். முறை நல்ல முறைதான். வீட்டுக்காரருக்கு இதைவிட எளிதான வழி கிடையாது, வாடகை வீட்டுக்காரருக்குப் பல நேரம் வேறு வழியே கிடையாது.

சிக்கல் வாசலிலேயே தொடங்குகிறது. கேரி பேக்கில் முடிச்சுப் போட்ட காய்த்தோல், ஷாம்பு பாக்கெட்டோடு சேர்ந்த சோறு, இவற்றையெல்லாம் தூய்மைப் பணியாளர்தான் கையால் கிழித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய உடல்நலத்தைப் பணயம் வைத்துத்தான் பல தெருக்களில் 'தரம்பிரித்தல்' நடக்கிறது என்பதை நாம் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு பாடுபட்டாலும் நூறு வீட்டுக் குப்பையில் பத்து வீட்டுக்காரர் கலந்து போட்டால் மொத்தமும் கெட்டுவிடும். நகர்ப்புற உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை தரம் வகுத்திருக்கிறது. 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும், கரிமக் கார்பன் 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் கிழிந்து நைந்த பாலிதீன் துணுக்கும் அதே சல்லடையில் இறங்கிவிடுமே.

பிரிக்காமல் போனது என்ன ஆகும் என்பதற்குக் கோவைக்காரர்களுக்கு வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கைக் காட்ட வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. ஈரக்குப்பை காற்றுப் புகாமல் குவிந்து கிடந்தால் மீத்தேன் உண்டாகும், அதுதான் இத்தகைய தீக்கு எரிபொருள். திருப்பூரில் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்துச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் போராட வேண்டியிருந்தது. நம் வீட்டு மீந்த சோறு இன்னோர் ஊர்க்காரரின் கிணற்று நீரைக் கெடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

வண்டிக்கு நேர் எதிரான வழி மாடு. வீட்டோடு மாடு கட்டும் கட்டுத்தாரை இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அரிசி கழுவின தண்ணி, வடிகஞ்சி, காய்த்தோல், பழத்தோல் எல்லாம் கழனித்தண்ணித் தொட்டிக்குப் போகும், சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது தீர்ந்துவிடும். மாட்டின் வாய்க்குப் போகிறது என்று தெரிந்தால் பாலிதீனை யாரும் போடமாட்டார்கள். என் அளவுகோலில் இந்த வழிக்குத்தான் முதலிடம். இன்றும் ஊரோரத் தெருக்களில் பால்காரரே வந்து வாளியை எடுத்துப்போகிறார்.

ஆனால் மாட்டுக்கு எல்லாம் ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சோறு அதிகமாகப் போனால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். கல்யாணம், பொங்கல் முடிந்த மறுநாள் அண்டா அண்டாவாக மீந்த சோற்றைப் பாசத்தோடு வைத்து மாடு செத்துப்போன கதை கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வெங்காயத்தோலும் நிறையப் போனால் மாட்டின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பூசணம் பிடித்தது, ஊசிப்போன குழம்பு எதுவும் கூடாது. ஆகவே மாட்டுக்குக் காய்த்தோல், பழத்தோல், கழுநீர், கொஞ்சம் சோறு. அதற்கு மேல் போனால் நாம் செய்வது உதவியில்லை.

மொட்டைமாடிப் பானை இப்போது கோவை, ஈரோட்டுக் குடும்பங்களில் பரவலாகிவிட்டது. மூன்றடுக்கு மண்பானை. மேல் பானையில் தினமும் கழிவைப் போட்டு மேலே ஒரு கை தேங்காய் நார்த்தூளைத் தூவ வேண்டும். நிரம்பினால் கீழே இறக்கிவிட்டு அடுத்ததை மேலே வைக்க வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு பானை நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம், மூன்றாம் மாதம் எரு. நார்த்தூளுக்கு நாம் அலைய வேண்டியதில்லை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகளில் மலைபோல் கிடக்கிறது. 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். பானைக்குத் தூவ மட்டும் ஊறவைக்காமல் காய்ந்தபடியே உதிர்த்துக்கொள்ள வேண்டும், ஈரத்தை உறிஞ்சுவதுதானே அதன் வேலை.

பானையில் பிளாஸ்டிக் கலக்காது. ஆனால் சூடும் ஏறாது. மக்கும் குவியல் தானாகச் சூடேற வேண்டுமானால் குறைந்தது மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் வேண்டும். 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாள் நின்றால்தான் விதையும் நோய்க்கிருமியும் சாகும். பானை உரம் போட்ட செம்பருத்தித் தொட்டியில் தக்காளி முளைப்பது இதனால்தான். வீட்டுத் தோட்டத்துக்கு அது குற்றமில்லை. இன்னொன்று, ஆடிக் காற்றில் பானை காய்ந்து மக்குவது நின்றுவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்தால் நாற்றமடிக்கும், நார்த்தூளைக் கூட்ட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளே தடித்த சாம்பல் நிறப் புழு நெளிந்தால் பெரும்பாலும் அது கருப்புப் படைவீரர் ஈயின் புழுவாக இருக்கும். அது கடிக்காது, வீட்டு ஈயைப்போல் சாப்பாட்டில் வந்து உட்காராது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் பானையை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

மண்புழு உரம் தரத்தில் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும். ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே என்ற இரண்டு வகைப் புழுக்களைத்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். ஆனால் சமையலறைக் கழிவை அப்படியே கொட்டினால் சூடேறிப் புழு செத்துவிடும், இரண்டு மூன்று வாரம் தனியே மக்கவைத்துப் பிறகுதான் போட வேண்டும். எலுமிச்சைத்தோல், மிளகாய், உப்பு, எண்ணெய் ஆகாது. எறும்புக்குத் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் விட வேண்டும், சித்திரை வெயிலுக்கு நிழலும் ஈரச்சாக்கும் வேண்டும். மாடும் நிழலும் உள்ள தோட்டத்துக்கு இது பொருத்தம். ஊருக்கு நடுவே இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

எரிவாயுக் கலனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், கணக்கே விடை சொல்லிவிடும். ஒரு கிலோ சமையலறைக் கழிவிலிருந்து சுமாராக 0.1 கனமீட்டர் வாயு வரும், ஒரு அடுப்பு கால் மணி நேரம் எரியும். ஒரு வீட்டுக்கு இது போதாது, அதற்காகத் தினமும் கரைத்து ஊற்றுவதை யாரும் வருஷக்கணக்கில் செய்வதில்லை. அதுவே நாளுக்கு 100 கிலோ கழிவு சேரும் கல்லூரி விடுதியோ கல்யாண மண்டபமோ என்றால் 10 கனமீட்டர், அதாவது நாலரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. மூன்று நாளைக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டர். மாடு தின்னக் கூடாத மீந்த சோற்றை இந்தக் கலன் நன்றாகச் செரிக்கும், வெளிவரும் கரைசல் தென்னைக்கு ஆகும். பெரிய அளவில் சமைக்கிற எந்த இடமும் இதை விட்டு வேறு வழி தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இனித் தெருக்குழி. என் ஆதரவு இதற்குத்தான், அதனால் இதன் குறைகளையும் கூடுதலாகவே சொல்ல வேண்டும்.

முப்பது வீடு சேர்ந்தால் நாளுக்கு 20 கிலோவை ஒட்டி ஈரக்கழிவு வரும். குழி என்று சொன்னாலும், செங்கல்லை இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு தொட்டிகள் போதும். ஒன்று நிரம்பும்போது இன்னொன்று மக்கிக்கொண்டிருக்கும். மூன்றடிக் குவியல் சேர்ந்துவிடுவதால் சூடு தானாக ஏறும், கைவைத்தால் தெரியும். சூடேறிய குவியலின் நடுவில் புதைத்தால் கொஞ்சம் மீந்த சோறும் மீன்முள்ளும்கூட மக்கிவிடும். வாரம் ஒரு முறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் எரு. புளித்த மோரும் வெல்லமும் கரைத்துத் தெளித்துத் தொடங்குகிறவர்கள் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பயோமினரலைசர் என்ற நுண்ணுயிர்க் கலவை வைத்திருக்கிறது, ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ என்பது அதன் அளவு.

ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு அளவில் இரண்டு பங்கு காய்ந்த பொருள் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நாற்றமும் ஈயும் வருவதற்குக் காரணம் கழிவு இல்லை, காய்ந்த பொருள் குறைந்ததுதான். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. புங்கன், வேப்பஞ்சருகு, சோளத்தட்டுத் துண்டு, கடலைத்தோல், நார்த்தூள் எல்லாமே ஆகும். நார்த்தூளில் மட்டும் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதையே நிறையப் போட்டால் மக்க மாதக்கணக்காகும், சருகோடு கலந்துகொள்வது நல்லது. பனியன் கம்பெனிக் கழிவுத்துணியைப் பருத்திதானே என்று போட வேண்டாம். பாலியெஸ்டர் நூல் கலந்திருந்தால் தோட்டத்துக்குப் போகும் எருவில் நாமே பிளாஸ்டிக்கைச் சேர்த்தவர்களாவோம். பிளைவுட் அறுத்த தூளும் வேண்டாம், அதில் பசை இருக்கிறது.

குறை என்னவென்றால், ஆள். குழி போடுகிற உற்சாகம் எல்லாருக்கும் இருக்கும். மூன்றாம் மாதம் புரட்டுவது யார்? முறை வைத்துச் செய்யலாம் என்று தொடங்கினால் கடைசியில் ஓய்வுபெற்ற ஒருவர், அல்லது அந்தத் தெருவின் நாலு பெண்கள் தலையில்தான் மொத்தமும் விழும். இது நியாயமில்லை, நிலைக்கவும் செய்யாது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் பணம் போட்டு ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். கையுறை, பூட்ஸ், நீளக் களைக்கொட்டு எல்லாம் தெருவின் செலவு. இதற்கு இணங்காத தெரு குழி போடாமலிருப்பதே மேல், பேசாமல் பிரித்து வண்டியில் கொடுத்துவிடலாம். சுற்றிலும் அடுக்குமாடி மட்டும் இருந்து சருகுக்கு மரமே இல்லாத இடத்திலும் இது எடுபடாது.

ஆனால் பிளாஸ்டிக் விஷயத்தில் தெருக்குழிக்கு வண்டிக்கு இல்லாத ஒரு பலம் இருக்கிறது. வாளியைக் கொட்டும்போது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், யார் வீட்டு வாளி என்பதும் தெரியும். "அக்கா, பால் பாக்கெட்டு ஒண்ணு விழுந்துருச்சுங்க, எடுத்துக்குங்க" என்று முகம் பார்த்துச் சொன்னால் இரண்டாவது முறை அது வராது. எந்த அறிவிப்புப் பலகையும் இதைச் சாதித்து நான் பார்த்ததில்லை.

தொடங்க நினைக்கும் தெரு, செங்கல் வாங்கும் முன்பே எருவை எடுத்துக்கொள்ளும் தோட்டக்காரரிடம் பேசிவிட வேண்டும். முப்பது வீட்டுக் கழிவு மாதத்துக்கு 600 கிலோ. மக்கியபின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதாவது ஒரு சிறிய தோட்டத்துக்கு நாலைந்து மூட்டை. அவரிடம் விலை கேட்காமல் சோளத்தட்டோ மட்டைத் துண்டோ பதிலுக்குக் கேட்டால் காய்ந்த பொருளின் கவலையும் தீரும். மழை ஓய்ந்து மாசியில் தொடங்குவது வசதி. மாசி, பங்குனியில் உதிரும் சருகைத்தான் தெருவோரத்தில் கூட்டிக் கொளுத்துகிறோம். அதைக் கொளுத்தாமல் சாக்குகளில் கட்டி மழை படாத இடத்தில் அடுக்கிவைத்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் குழிக்குத் தாங்கும்.