கமரா பூட்டி ஏழு வருடம்: ஒரு கல்லடி வீட்டு அனுபவம்

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். 2018 வைகாசி. கண்ணகியம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வீட்டோடு போயிருந்தோம். விடியப்புறம் திரும்பி வந்தால் குசினிக் கதவு சும்மா சாத்தியபடி நிற்கிறது. தாழ்ப்பாள் நிலத்தில் கிடக்கிறது, பக்கத்தில் அதன் நாலு ஆணியும். எல்லாம் அரை அங்குல ஆணி. அத்தனை வருடமும் அந்த அரை அங்குலத்தை நம்பித்தான் படுத்து எழும்பியிருக்கிறோம். காஸ் சிலிண்டர், தண்ணி மோட்டர், அம்மாவின் ஒரு சோடிக் காப்பு எல்லாம் போயிற்று. காப்பு அம்மம்மா கையிலிருந்து அம்மாவுக்கு வந்தது. அம்மா இன்றும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அடுத்த மாதமே நாலு கமராவும், அவற்றின் படத்தைப் பதிகிற டி.வி.ஆர் பெட்டி ஒன்றும் பூட்டினேன். இந்த வருடத்தோடு ஏழு வருடம். வாங்க யோசிக்கிறவர்கள் கடையில் கேட்கவும் மாட்டார்கள், கடைக்காரர் சொல்லவும் மாட்டார். அந்த விசயங்களைத்தான் எழுதுகிறேன்.

முதல் பிழை உயரம். கைக்கு எட்டக்கூடாதென்று முன் கமராவைப் பன்னிரண்டு அடியில் பூட்டினார்கள். வந்து போகிறவர்களின் தொப்பியும் உச்சந்தலையும் மட்டும்தான் தெரிந்தன. ஒரு மாதம் பார்த்துவிட்டு, கேற்றுக்கு நேரே எட்டடிக்கு இறக்கினேன். அதற்குப் பிறகுதான் படத்தில் முகம் விழுந்தது.

அடுத்தது உப்புக் காற்று. கடலிலிருந்து எங்கள் வீடு கால் மைல்கூட இல்லை. ஒன்றரை வருடத்தில் பின் கமராவில் படம் கோடு கோடாக ஆடத் தொடங்கியது. கமரா பழுது, புதிது போடுங்கள் என்றார்கள். மனம் கேட்கவில்லை, ஏணி வைத்து ஏறினேன். வயர் பொருந்துகிற கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டதும் படம் கண்ணாடி மாதிரி வந்தது. இப்போது எல்லா இணைப்பும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், வயர் நுழைகிற ஓட்டைக்குச் சிலிக்கன் பூசியபடி. வருடா வருடம் மாரிக்கு முன்னர், புரட்டாதியில், ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

இரவில் சிவப்பு வெளிச்சம் எரிகிற கமராவைச் சுற்றிப் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். நூல் ஒன்று கண்ணாடிக்கு முன்னால் ஆடினால் போதும், திரையே வெள்ளையாகி, யாரோ நடமாடுகிறார்கள் என்று இரவு முழுக்கப் போன் அலறும். அலறலுக்குப் பழகி நாமும் பார்ப்பதை விட்டுவிடுவோம். அதுதான் ஆபத்து. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க முன் தும்புக்கட்டையால் நாலு கமராவையும் தட்டிவிடுவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அப்போது நாலு கமராவும் குருடு. என்னுடைய செட்டில் கமராவும் டி.வி.ஆரும் 12 வோல்ட்டில் ஓடுபவை. தெரிந்த மின்வேலைக்காரத் தம்பி ஒருவர் பழைய வான் பற்றரி ஒன்றைச் சார்ஜரோடு பொருத்தி, வோல்ட்டைச் சீராக்க நடுவில் ஒரு சின்ன சேர்க்கிட் வைத்துத் தந்தார். இன்றுவரை அதுதான் காக்கிறது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுவோம், பற்றரியில் ஓடும்.

எனக்கு இன்றும் மனம் நோகிற விசயம் ஒன்று இருக்கிறது. 2021இல் பக்கத்து வளவு மாமியின் சைக்கிள் களவு போனது. மாமி வந்து, "மனே, உன்ட கமராவுல ஒருக்காப் பாரன்" என்றா. பார்த்தேன். நேரலைப் படம் வருகிறது, பதிவு இல்லை. ஹார்ட் டிஸ்க் செத்து நாலு மாதம்! நாலு கமராவுக்கு 1 டி.பி. டிஸ்க்கில் பன்னிரண்டு நாள் அளவுதான் நிற்கும், அந்தப் பன்னிரண்டு நாளும் எங்களிடம் இல்லை. மாமி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் போய்விட்டா. தயவுசெய்து நேரலையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது முந்தாநாள் பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். டிஸ்க் வாங்கும்போது கமராப் பதிவுக்கென்றே வருகிறதைக் கேட்டு வாங்குங்கள். கம்பியூட்டர் டிஸ்க் இரவு பகலாக எழுதுவதற்குச் செய்ததல்ல. டி.வி.ஆரோடு வந்த கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கமராவால் ஒரு பலனுமில்லை என்று சொல்லவில்லை. 2023இல் நான் கொழும்பில் நின்ற ஒரு இரவு, இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. ஒருவன் பின்மதிலில் கால் போட்டுக்கொண்டிருந்தான். பொலிசின் 119க்கு அடிக்க முன் அக்காவுக்கு அடித்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய் வளவுக்குள்ளேயே பெண் பிள்ளைகளுக்கு வீடு; அக்காவின் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே வேலியில் ஒரு கடப்பு மட்டும். அவ லைற்றைப் போட்டு, "ஆர் அது?" என்று போட்ட சத்தத்தை நான் போனிலேயே கேட்டேன். அவன் வெளிப்பக்கம் குதித்து ஓடிவிட்டான். கண்டது கமராதான், அவனை ஓட்டியது அக்காவின் சத்தம். அக்காவுக்கும் கமராவைப் பார்க்கிற அப்பைப் போனில் போட்டுக் கொடுத்தது நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று.

குசினிக் கதவுக்குத் தச்சுவேலை ஓடாவியார் முதிரை மரத்தில் குறுக்குச் சட்டம் போட்டுத் தந்தார். அது விழுகிற இரும்புக் கொழுக்கி இரண்டும் நிலையைத் துளைத்துச் சுவருக்குள் இறங்கி நிற்கின்றன. கமராச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். 2018இல் அந்தச் சட்டம் இருந்திருந்தால் அம்மாவின் கையில் காப்பு இருந்திருக்கும்.

இன்னும் ஒரு பக்கம் திறந்தபடிதான் கிடக்கிறது. பின்பத்தி ஓட்டுக்கூரை, நாலு ஓட்டைக் கழற்றினால் ஆள் இறங்கலாம். ஓட்டுக்குக் கீழே இரும்பு வலை அடிக்க வெல்டிங் கடையில் அளவு கொடுத்திருக்கிறேன். மாரி தொடங்க முன் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.