கொடுவாவுக்கு ஜிக்: தங்கூஸா, பிரெய்டா?

போன ஐப்பசியில் தேங்காய்ப்பட்டணம் பொழியில் (ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம்) ஒரே காலையில் எனக்கு நாலு கடி. நாலும் நல்ல கடிதான், கம்பு நுனி வளைந்தது, முள் ஏறுவதற்காக நான் வெட்டி (வெடுக்கென்று) இழுத்தேன், இரண்டு விநாடி கனம் தெரிந்தது, அப்புறம் வெறும் ஜிக் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற பையன் என்னைப் போலவே 15 கிராம் ஜிக் ஹெட்டும் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) ரப்பர் மீனும்தான் போட்டான், இரண்டு கொடுவா மீனைக் கரையேற்றிவிட்டான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவன் ரீலில் பிரெய்டு, அதாவது பின்னல் நூல்; என் ரீலில் 0.40 மி.மீ. தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு. அந்த வாரமே நானும் மாறினேன், அதனால் இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். தங்கூஸ் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், முடிச்சு லேசு. பிரெய்டு விலை கூடுதல், ஆனால் மெல்லியது, தூரம் போகும், வெயிலில் சீக்கிரம் கெடாது. மேல் பாதி நைந்துபோனால் கழற்றி, அடிப்பாதி மேலே வரும்படி திருப்பிச் சுற்றினால் புதுசு மாதிரி இன்னொரு காலம் ஓடும், ஆகவே விலை விஷயம் நினைத்த அளவு மோசமில்லை.

முக்கியமானது நீளுதல்தான். நைலான் அறுபடுவதற்கு முன் தன் நீளத்தில் சுமார் 20 சதவீதமோ அதற்கு மேலோ நீளும், பிரெய்டு 3 முதல் 5 சதவீதம்தான். நாம் வெட்டி இழுக்கும்போது அறுபடும் அளவு பலம் போவதில்லை, சரி, அதில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் தங்கூஸ் வெளியே கிடந்தால் ஒன்றரை மீட்டர் நீண்டுவிடும். எட்டடிக் கம்பை ஒரு வீச்சு பின்னால் இழுத்தால் நுனி நகர்வதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது என் இழுவை முழுவதையும் நரம்பே சாப்பிட்டுவிட்டது, மீனின் வாய்க்குப் போனது மிச்சம் மீதி.

நம்பிக்கை வராமல் வீட்டுப் பறம்பில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். தென்னை மூட்டில் ஒரு கதம்பையை (தேங்காய் மட்டை) கட்டி, அதில் ஜிக் முள்ளின் நுனியை மட்டும் லேசாகக் குத்தி வைத்து, நாற்பது தப்படி தள்ளி நின்று தங்கூஸில் வெட்டினேன். நுனி ஏறியது, எதிர்முள் (கழன்றுவிடாமல் தடுக்கும் பின்முனை) வெளியேதான் நின்றது. அதே கம்பு, அதே முள், பிரெய்டில் அரை பலத்துக்கே வளைவு வரை உள்ளே போய்விட்டது, பிடுங்குவதற்குக் குறடு தேவைப்பட்டது. வீட்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

கொடுவாவின் வாய் கதம்பையை விடக் கடினம். ஆஸ்திரேலியாக்காரர்கள் பாரமுண்டி என்று கொண்டாடுவது இந்த மீனைத்தான், களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் காளாஞ்சி. ஜிக் பற்றி நாம் பார்க்கிற வீடியோக்களில் பாதி அமெரிக்க ஏரிகளின் பாஸ் மீனைப் பற்றியவை. அதற்கும் கொடுவாவுக்கும் குடும்ப உறவு இல்லை, ஆனால் சாப்பிடும் விதம் ஒன்று: கடிக்காது, வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். ரப்பர் என்று தெரிந்த நொடியில் துப்பிவிடும். அதுவும் ஜிக் கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலும் எடுக்கும், அந்த நேரத்தில் நரம்பு தொய்வாக இருக்கும். தங்கூஸில் அந்தச் சின்னத் 'டக்' கைக்கு வந்து சேர்வதற்குள் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். பிரெய்டில் ஜிக் அடிமணலைத் தொடுவதே தெரியும், மீன் உறிஞ்சுவது தெரியாமல் போகுமா?

ஆனால் 'டக்' என்றதும் வெட்டுவதும் தப்பு. முதலில் கம்பை மீன் பக்கம் தாழ்த்தி, ரீலை வேகமாகச் சுற்றித் தொய்வை எடுக்க வேண்டும், கனம் தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். தொய்வோடு வெட்டினால் பிரெய்டும் தங்கூஸும் ஒன்றுதான். இன்னொன்று, முள்ளைக் கட்டை விரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது, அரம் போடுங்கள். மழுங்கிய முள்ளை வைத்துக்கொண்டு நரம்பைத் திட்டிப் பயனில்லை. ரப்பர் மீனும் முள்ளின் வாயை அடைக்கிற தடிமனில் இருக்கக் கூடாது, எனக்கு அந்த நாலில் ஒன்று அதனாலும் போயிருக்கலாம்.

பிரெய்டுக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் நாள் ரீலின் மொட்டை ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளை) நேராகக் கட்டிவிட்டேன், மீன் இழுத்தபோது நூல் மொத்தமும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றியது, டிராக் (மீன் இழுத்தால் நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்) போய்விட்டது என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்தேன். அடியில் பத்து மீட்டர் தங்கூஸ் சுற்றி அதன் மேல் பிரெய்டு ஏற்றினால் வழுக்காது, இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தது, தங்கூஸில் வெட்டிய பழைய வேகத்திலேயே வெட்டி, ஒரு மீனின் வாயைக் கிழித்து வெறும் முள்ளைத் திரும்ப வாங்கினேன். நீளாத நூலுக்கு அந்த ஆவேசம் வேண்டாம், நீளமாக ஒரு இழுப்பு போதும். டிராக்கும் தளர்வாக இருக்க வேண்டும், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டுக்கு நான் மீன் தராசில் இழுத்துப் பார்த்து மூன்று கிலோ வைக்கிறேன். கொடுவா துள்ளித் தலையை உதறும்போது கம்பைத் தாழ்த்திக் கொடுங்கள். தங்கூஸ் இந்த உதறலைத் தானே வாங்கிக்கொள்ளும், அது அதற்குள்ள நியாயமான மதிப்பெண்.

லீடர் (நூலின் முன்னால் கட்டும் தடித்த துண்டு) இல்லாத பிரெய்டு வேண்டவே வேண்டாம். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி, கையிலும் கீறும். அதோடு பாறையில் சிப்பி ஒட்டிய இடத்தில் பிரெய்டு ஒரே உரசலில் போய்விடும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் 40 பவுண்டு தடித்த நைலானோ ஃபுளூரோகார்பனோ முன்னால் கட்டினால் இரண்டுக்கும் தீர்வு. அந்த முடிச்சுப் போடத்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மணக்குடியில் பழையாறு கடலோடு சேரும் இடத்தில் ஒரு பாட்டா கைநரம்பு போடுவார். என் நூலைத் தொட்டுப் பார்த்து, "மக்கா, இது பட்டம் விடுக நூலுல்லா?" என்று சிரித்தார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. கம்பு இல்லாமல் கையில் பிடித்து இழுக்க பிரெய்டு ஆகாது, விரலை அறுத்துவிடும். உயிர் இறால் கோர்த்துக் காத்திருக்கும் தூண்டிலுக்கும் தங்கூஸே நல்லது, கொஞ்சம் நீண்டு கொடுத்தால் மீன் சந்தேகப்படாமல் விழுங்கும். காற்று நாளில் மேல்காற்று பிரெய்டை வில்லாக வளைத்துச் சிக்கலும் போட்டுவிடும், தூண்டில் வளைவின் முனையில் நின்று அரைமணி நேரம் நான் நூல் பிரித்த காலைகள் உண்டு. (பெயரிலேயே தூண்டில் இருக்கிற கல்கட்டில் நின்று தூண்டில் சிக்கெடுப்பது ஒரு தனி அவமானம்.)

படகில் ஆழ்கடலுக்குப் போய் இரும்பு ஜிக்கை நேராக இறக்குவதில் எனக்கு இரண்டே நாள் அனுபவம், அதுவும் முட்டம் பக்கம் கரை தெரிகிற தூரத்தில். அங்கே கிடைத்தவை பாறை மீனும் சீலாவும், கொடுவா இல்லை. ஆழம் கூடக் கூட நீளுதல் கணக்கு பிரெய்டு பக்கம்தான் சாய வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் இரண்டு நாளை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

பொழியில் கரையிலிருந்து ஜிக் என்றால் மட்டும் அடித்துச் சொல்வேன். மாறிய பிறகு தேங்காய்ப்பட்டணத்திலும் மணக்குடியிலுமாக எனக்கு வந்த பதினோரு கடியில் ஏழு கரை சேர்ந்தது, போன ஒன்று லீடர் முடிச்சில், இரண்டு என் அவசரத்தில், இன்னொன்று ஏன் போனது என்று இன்றைக்கும் புரியவில்லை. பழைய தங்கூஸ் ரீல் அக்கா மகனிடம் போயிருக்கிறது, அவன் இறால் போட்டுக் கெளுத்தி பிடிக்கிறான்.