கடைப் பயிற்சிப் புத்தகமா, இணையத்துப் பாடமா? மலையகக் கணித வகுப்புக்கு எது பயன்படும்

புதுத் தவணை தொடங்கும் வாரத்தில் இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் புத்தகக் கடைகளின் முன்வரிசையைக் கணிதப் பயிற்சிப் புத்தகங்கள் பிடித்துக்கொள்ளும். அதே வாரத்தில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தரம் 7 செயலட்டை, தரம் 9 அலகுப் பரீட்சை என்று பி.டி.எஃப் கோப்புகள் வந்து குவியும். இவற்றோடு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கல்வி அமைப்புகளும் எழுதி இலவசமாக விட்டிருக்கும் முழுப் பாடங்களும் இருக்கின்றன. மூன்று வகையையும் தோட்டப் பாடசாலையை மனதில் வைத்தே இங்கே எடைபோடுகிறோம்: வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம், போட்டோகொப்பிக்குப் பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தக் காசு.

எத்தனை கணக்கு இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டியதில்லை. பிழையாக விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அந்தத் தாளில் பிழையான விடை வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பிழையான வழியில் போயும் சரியான விடை கிடைத்தால், சிவப்புப் பேனையால் ‘சரி’ போட்டு அந்தப் பிழையை நாமே பிள்ளையின் மனதில் உறுதியாக்கிவிடுகிறோம்.

செவ்வகத்தை எடுங்கள். நீளம் 6 செ.மீ., அகலம் 3 செ.மீ. என்று கொடுத்து பரப்பளவு கேட்கும் கணக்கு பல தொகுப்புகளில் முதல் கணக்காகவே வருகிறது. பரப்பளவு 18 சதுர சென்ரிமீற்றர், சுற்றளவும் 18 சென்ரிமீற்றர். பக்கம் 4 செ.மீ. உள்ள சதுரத்துக்கு இரண்டுமே 16. பரப்பளவுக்குப் பதிலாகச் சுற்றளவைக் கண்ட பிள்ளை இங்கே அகப்படாது. அதே கணக்கில் 7 செ.மீ., 2 செ.மீ. என்று போட்டிருந்தால் பரப்பளவு 14, சுற்றளவு 18. குழப்பம் உடனே வெளியே வரும். எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. தொகுத்தவர் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்தாரா என்பதில்தான் தொகுப்பின் தரம் தெரிகிறது.

தசமங்களை ஒப்பிடும் பயிற்சியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 0.35, 0.27 என்று இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்றாக உள்ள சோடிகளை மட்டும் தந்தால், தசமப் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் 35, 27 என்று வாசிக்கும் பிள்ளையும் முழுப் புள்ளி எடுக்கும். 0.4, 0.35 என்ற சோடி தந்தால், “இலக்கம் கூடியதே பெரிது” என்று நினைக்கும் பிள்ளை 0.35 என்று எழுதி மாட்டிக்கொள்ளும். ஆனால் “இலக்கம் குறைந்ததே பெரிது” என்ற நேர்மாறான பிழையோடு இருக்கும் இன்னொரு பிள்ளை அதில் தப்பிவிடும். அதற்கு 0.47, 0.3 என்ற சோடியும் வேண்டும். கடைசியாக 0.5, 0.50. இந்த மூன்று சோடிகள் கண்டுபிடித்துத் தருவதை நாற்பது ஒரேமாதிரிச் சோடிகள் தரமாட்டா.

கழித்தலில் மேல் எண்ணின் நடுவில் பூச்சியம் வரும் கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். 402இலிருந்து 178ஐக் கழிக்கும்போது, ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கு 376 வரும். சரியான விடை 224. கோணமானிப் பயிற்சி என்றால் 90 பாகைக்குக் கிட்டிய கோணங்களை மட்டும் நம்பக்கூடாது. உள் அளவிடையை வாசிப்பதா வெளி அளவிடையை வாசிப்பதா என்ற தடுமாற்றம் 70 பாகையிலும் 130 பாகையிலும்தான் தெளிவாகத் தெரியும். கோணத்தின் ஒரு புயம் தாளில் சாய்ந்து கிடப்பதும் அவசியம், ஏனென்றால் எல்லாக் கோணமும் கிடைக்கோட்டிலேயே தொடங்கினால் கோணமானியைத் திருப்பி வைக்கவே பிள்ளை பழகாது.

இந்த அளவுகோலில் கடைப் பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் நடுத்தரம். இலவசப் பாடநூலில் உள்ள பயிற்சியையே எண்களை மாற்றி நீட்டியிருக்கும் புத்தகங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இவை உண்மையாகவே கைகொடுக்கும். கணித வினாத்தாள் ஒன்று இரண்டு மணித்தியாலம்: முதற்பகுதியில் தலா 2 புள்ளியில் 25 குறுவினாக்கள், அடுத்த பகுதியில் தலா 10 புள்ளியில் ஐந்து வினாக்கள். வினாத்தாள் இரண்டு மூன்று மணித்தியாலம்: பன்னிரண்டு வினாக்களில் பத்துக்கு விடை. இந்த அமைப்புக்குக் கையும் நேரமும் பழக வேண்டும், அதற்கு எண்ணிக்கையும் வேண்டும்தான். சித்தி எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைக்கு முதல் 25 குறுவினாக்களே கரையேறும் வழி. அவற்றை அலகு அலகாகப் பிரித்துத் தரும் புத்தகத்தைத் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும்போது முதல் அத்தியாயத்தைப் பார்க்காதீர்கள், அங்கே எல்லாரும் கவனமாகத்தான் எழுதுவார்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஐந்து கணக்கைக் கடையில் நின்றபடியே செய்து, பின்பக்க விடையோடு ஒப்பிடுங்கள். ஐந்தில் ஒன்று பிழையென்றாலும் வைத்துவிடுங்கள். விடைப் பக்கத்தை நம்பித்தான் பிள்ளை வீட்டில் தனியாகத் திருத்தும். வினாத்தாள் இரண்டுக்கான புத்தகமாக இருந்தால், வெறும் இறுதி விடை போதாது. எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்ற புள்ளித் திட்டம் இருக்க வேண்டும். சமன்பாட்டைச் சரியாக அமைத்துச் சுருக்குவதில் தவறிய பிள்ளைக்கும் புள்ளி உண்டு என்பதை அதுதான் காட்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தாள்களின் பெரிய குறை உள்ளடக்கத்தில் அல்ல, எழுத்துருவில். நம் நாட்டில் பழைய வேர்ட் கோப்புகள் ஏராளமாக பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சரி, எல்லாக் கருவியிலும் தெரியும் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று மாற்றியில் போட்டால் வசனங்கள் சரியாக வரும், கணிதம் உடைந்துவிடும். பாமினி விசைப்பலகையில் எக்ஸ் ‘ஒ’, வை ‘ல’. ஆகவே அட்சரகணிதக் கோவையில் இரண்டு எக்ஸ் இருந்த இடத்தில் 2ஒ நிற்கும். காற்புள்ளி ‘இ’ ஆகும், சிறிது என்னும் குறி ‘ஈ’ ஆகும். சமனிலிகள் அலகை இப்படி மாற்றிய தாளைப் பார்த்தால் எது வினா என்றே புரியாது. எழுத்துரு உள்ள கணினியில் கோப்பைத் திறந்து அங்கிருந்தே பி.டி.எஃப் ஆகச் சேமிப்பது நல்ல வழி. திருத்த வேண்டிய தாள் என்றால் வசனங்களை மட்டும் மாற்றியில் போட்டு, கோவைகளைக் கையால் மறுபடி தட்டுங்கள்.

தமிழ்நாட்டுத் தாள்களில் கணக்குகள் நன்றாக இருந்தாலும் அப்படியே கொடுக்க முடியாது. அங்கே முக்கோணம், இயற்கணிதம், மிகச் சிறிய பொது மடங்குக்கு மீ.சி.ம.; இங்கே பாடநூலிலும் பரீட்சையிலும் முக்கோணி, அட்சரகணிதம், பொ.ம.சி. அவர்கள் இலட்சம், கோடி என்று பிரித்து எழுதும் பெரிய எண்ணை நம் பிள்ளை மில்லியன் என்று வாசிக்க வேண்டும். மாற்றிக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

அமெரிக்கத் தாள்களில் வேறொரு பொறி உண்டு. அவர்களின் லெட்டர் தாள் 215.9 மி.மீ. அகலம், நம் ஏ4 210 மி.மீ. தாளுக்கு ஏற்பப் பொருத்து என்ற தெரிவோடு அச்சிட்டால் படம் ஏறக்குறைய நூற்றுக்கு 97 ஆகச் சுருங்கும். 10 செ.மீ. கோடு 9.7 செ.மீ. ஆகிவிடும். பிள்ளை அடிமட்டத்தை வைத்துச் சரியாக அளந்து 9.7 என்று எழுதும், விடைத்தாள் 10 என்று சொல்லும், பிள்ளை தன் கையைச் சந்தேகிக்கும். கோணங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, நீளங்களுக்கு உண்டு. அச்சிடும்போது 100 வீதம் என்று தெரிவு செய்து, முதல் பிரதியை அடிமட்டத்தால் அளந்த பிறகே மற்றவற்றை எடுக்க வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் நாம் முதலிடம் கொடுப்பது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய மதமெட்டிக்ஸ் அசெஸ்மென்ட் புரொஜெக்ட் பாடங்களுக்கு. மொத்தம் நூறு பாடங்கள். ஒவ்வொன்றும் பாடத்துக்கு முன் பிள்ளைகள் தனியாகச் செய்யும் சிறு பணியோடு தொடங்குகிறது. அதில் வரக்கூடிய பிழைகள் ஒரு பட்டியலாகவும், ஒவ்வொரு பிழைக்கும் ஆசிரியர் கேட்கக்கூடிய கேள்விகள் எதிர்ப்பக்கத்திலும் இருக்கின்றன. புள்ளி போடாதீர்கள், கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள் என்கிறது வழிகாட்டி. புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியருக்கு இந்தப் பட்டியல் ஒன்றே பெரிய கொடை.

தூர–நேர வரைபுப் பாடம் மலையகத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. வரைபுகள், அவற்றுக்குரிய கதைகள், அட்டவணைகள் தனித்தனி அட்டைகளாக உள்ளன. பிள்ளைகள் சேர்ந்து பொருத்த வேண்டும். மலையேறி இறங்கும் கதை ஒன்றையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள், ஏனென்றால் வரைபை மலையின் படமாகப் பார்ப்பதுதான் இங்கே மிகப் பொதுவான பிழை. நம் பிள்ளைகளின் சூழலில் இதை இன்னும் கூர்மையாக்கலாம். மேட்டு லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, சந்திக்குப் போகும் பாதை முழுக்க இறக்கம். வீட்டிலிருந்து உள்ள தூரமோ கூடிக்கொண்டே போவதால் வரைபு மேலேறும். பாதை இறங்க வரைபு ஏறுவதை ஒரு பிள்ளை தன் வாயால் விளக்கிவிட்டால் அந்த அலகின் பாதி முடிந்தது.

குறைகளும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரு பாடத்தை ஒழுங்காக நடத்த நம் பாடவேளை குறைந்தது இரண்டு தேவை. உரிமம் மாற்றங்கள் செய்து பரப்புவதை அனுமதிப்பதில்லை, அதனால் மொழிபெயர்த்துக் குழுக்களில் போடக்கூடாது. கருத்தை எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கதைகளோடு சொந்த அட்டைகள் எழுதுவதே சரி.

இல்லஸ்ட்ரேட்டிவ் மதமெட்டிக்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு எழுதி 2017இல் முதலில் வெளியான 6 முதல் 8 வரையான தரங்களின் பாடங்களில் இந்தத் தடை இல்லை. மூலத்தைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். முழுத் தொடரும் நம் பாடத்திட்ட வரிசைக்குப் பொருந்தாது. அடி, அங்குலம், டொலர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் உள்ள ஐந்து நிமிடச் சிறு வினாவை மட்டும் எடுத்தாலே போதும். ஒரு ஏ4 தாளில் நான்கு பிரதி அடங்கும், நாற்பது பிள்ளைகளுக்குப் பத்துத் தாள். அன்று மாலையே மூன்று குவியலாகப் பிரித்தால் மறுநாள் யாரோடு முதலில் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) செயலிகள் திரையில் நகர்த்திப் பார்ப்பவை, தாள் அல்ல, என்றாலும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னச் செயலியை ஒரே கோப்பாக இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத தோட்டப் பிரிவிலும் உலாவியில் திறக்கும். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்து ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைக்கு, ஐந்தில் இரண்டு அரையைவிடவே சிறிது என்பதைப் பட்டைகளில் காட்டிவிடலாம்.

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் வசனக் கணக்குகளை நம் வாழ்க்கைக்கு மாற்றுங்கள். நீச்சல் தடாகத்துக்கு ஓடு பதிக்கும் கணக்கில் விடை பொருத்தமா என்று நம் பிள்ளையால் சரிபார்க்க முடியாது. கொழுந்து நிறுவையில் முடியும். மூன்று நிறுவைகள்: 7.4, 9.25, 6.8 கிலோ. தசமப் புள்ளியை நேராக வைக்காமல் வலது ஓரத்தை ஒட்டிக் கூட்டினால் 10.67 வரும். ஒரு நிறுவையே ஒன்பது கிலோவுக்கு மேல் இருக்க மொத்தம் பத்தா என்று அம்மாவின் நிறுவைத் துண்டைப் பார்த்துப் பழகிய பிள்ளை தானாகவே கேட்கும், திருத்தி 23.45 என்று எழுதும். தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்குப் பதிவது ஒரு பேர், பாதிக்கு அரைப்பேர்; ஐந்து நாள் பேரும் மூன்று நாள் அரைப்பேரும் விழுந்தால் மொத்தம் எத்தனை பேர் என்ற கேள்வியில் கலப்பு எண் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்து நிற்கும்.

அட்டைகளை பிரிஸ்டல் போர்டில் ஒட்டுங்கள். இன்க்ஜெட் அச்சு மலைக்குளிரின் ஈரத்தில் பரவும். போட்டோகொப்பியின் மை பரவாது. மூவருக்கு ஒரு தொகுதி போதும், விடைகளைக் கொப்பியில் எழுதவைத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே தொகுதி உதவும். ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு நிறம், அட்டையின் பின்புறம் தொகுதி இலக்கம், எண்ணித் திருப்பித் தரும் பொறுப்பு ஒரு பிள்ளைக்கு. ஓர் அட்டை தொலைந்தால் பொருத்தும் பணி முழுவதும் குழம்பும், ஆகவே வெற்று அட்டைகள் இரண்டை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்தே கட்டி வையுங்கள்.