நடையா, சைக்கிளா, யோகாவா? அமிலாய்டோசிஸ் உள்ளவருக்கு எது தோது

அப்பாவுக்கு இதய அமிலாய்டோசிஸ் என்று தெரிந்ததும் வீட்டில் வந்த முதல் சண்டை வாக்கிங் பற்றியதுதான். விடிகாலை 5 மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பியே பழகிய மனிதர். “படுத்துட்டா அவ்வளவுதான்” என்றார். அம்மாவோ, “இதயத்துல கோளாறுன்னு சொல்லியாச்சு, பேசாம உட்காருங்க” என்றார். ஒவ்வொரு பயிற்சியாக டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் விசாரித்தும், சிலவற்றைச் செய்து பார்த்தும், எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று ஓரளவு பிடிபட்டது.

தப்பாக மடிந்த புரதம் உறுப்புகளில் படிவதுதான் இந்த நோய். அப்பாவுக்கு வந்திருப்பது டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் படியும் வகை. எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ஏஎல் வகை வேறு. அதற்குக் கீமோ கொடுப்பார்கள். இரண்டிலுமே இதயச் சுவர் தடித்து விறைத்துப்போகலாம். எக்கோவில் “பம்பிங் 55” (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம், இயல்பான அளவுதான்) என்று பார்த்து நாங்கள் நிம்மதியானது தப்பு. இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாததால், வேகமாகத் துடித்துத்தான் அது ஈடுகட்டுகிறது. அதனால் சீக்கிரமே மூச்சு வாங்குகிறது. உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளும் கெட்டிருந்தால், எழுந்து நிற்கும்போது பிரஷர் சரியும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள்.

ஆகவே எந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு இரண்டு கேள்விகள்தான். பாதியில் நிறுத்த முடியுமா? முடித்துவிட்டு எழும்போது என்ன ஆகும்?

நடைக்கு இருக்கும் பெரிய குறை முதல் கேள்வியில்தான். கடற்கரையில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டுக் களைத்தால், திரும்பிவர இன்னொரு கிலோமீட்டர் பாக்கி. அதுவும் விடிகாலை, வெறும் வயிறு, நீர் மாத்திரை என்று சேர்ந்தால் பிரஷர் தரைக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் நடக்கட்டுமே என்று நினைத்தோம். அந்தப் படியேற்றம்தான் அன்றைய மிகக் கடினமான பயிற்சியாக ஆகிவிட்டது! கடைசியில் தோதாக அமைந்தது அடுக்குமாடித் தாழ்வாரம். இரண்டு முனையிலும் ஒரு நாற்காலி, நடுவில் பேச்சுத்துணைக்கு ஆள்.

பூங்காக்களில் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு நடக்கும் எட்டு நடை இப்போது ஊரெல்லாம் பிரபலம். இந்த நோயில் நரம்பு கெட்டுக் கால் மரத்தவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். பாதம் கிழிந்தாலும் தெரியாது. திரும்பித் திரும்பி நடப்பதில் தலையும் சுற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்தால் அதை வெறும் சிராய்ப்பு என்று விட்டுவிட முடியாது.

இருந்தாலும் நடையை நான் ஒதுக்கமாட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நடை காட்டிவிடுகிறது. 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பது மருத்துவமனையிலேயே ஒரு பரிசோதனை. டிரான்ஸ்தைரெட்டின் வகைக்கான டஃபாமிடிஸ் மருந்துக்காக 441 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்விலும் இந்தத் தூரம் ஓர் அளவுகோலாக இருந்தது.

முதுகு சாய்ந்து, கால் நீட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இரண்டு கேள்வியிலும் தேறியது. களைத்தால் நிறுத்திவிடலாம், வீடு திரும்பும் கவலை இல்லை, விழும் பயமும் குறைவு. பிரஷர் தாழ்ந்த ஆளுக்கு நிமிர்ந்து உட்காரும் சைக்கிளைவிட இது மேல். ஒரே எச்சரிக்கை, சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் காலில் தங்கி, இறங்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். விலை கட்டாதவர்கள் நாற்காலி முன்னால் வைக்கும் சின்ன பெடலை வாங்கலாம்.

நீச்சல்குளத்தில் கழுத்தளவு நின்றாலே தண்ணீரின் அழுத்தம் காலிலுள்ள ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. ஏற்கெனவே இடமில்லாத இதயத்துக்கு அது பாரம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

யோகாவைத்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்தார்கள். எனக்கு அதிலேதான் தயக்கம் அதிகம். சூரிய நமஸ்காரத்தில் தலை கீழும் மேலுமாகப் போய்வருவது பிரஷருக்கு ஆகாது. சர்வாங்காசனம், கபாலபாதி, மூச்சை அடக்கும் கும்பகம் எல்லாம் ஏஎல் நோயாளிக்கு இன்னும் மோசம். அவர்களுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்கள் எளிதில் உடையும். முக்கினாலே, தலை குனிந்தாலே கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்து கைகாலை நீட்டி மடக்குவது, அடக்காமல் மெதுவாக மூச்சு விடுவது என்றால் சரி. சவாசனம் செய்தால் பக்கவாட்டில் திரும்பி எழுந்து, சற்று உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும்.

தசைப் பயிற்சியைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். ஏஎல் சிகிச்சையில் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் தொடைத் தசையைக் கரைக்கக்கூடியது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே அதற்கு நல்ல பயிற்சி. சத்தமாக எண்ணிக்கொண்டு செய்தால் மூச்சை அடக்க முடியாது. டம்பெல்லா, ரப்பர் பட்டையா என்றால் நான் பட்டைப் பக்கம். டிரான்ஸ்தைரெட்டின் வகையில் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போவது சகஜம். புஜத்துத் தசைநார் அறுந்துபோவதும் உண்டு. அப்பாவுக்கு மரத்த கையிலிருந்து டம்பெல் நழுவி, நல்லவேளை, தரையில்தான் விழுந்தது.

வேகத்துக்கு “220-இலிருந்து வயதைக் கழி” என்ற நாடிக் கணக்கு இங்கே உதவாது. ஒழுங்கற்ற துடிப்பு, பேஸ்மேக்கர், மாத்திரை எல்லாம் அதைக் குழப்பிவிடும். 6 முதல் 20 வரை போகும் போர்க் அளவுகோலில், “எவ்வளவு கஷ்டமா இருக்கு?” என்று கேட்டால் 11-13 சொல்லும் அளவிலேயே வேகத்தை வைத்துக்கொள்ளும்படி எங்களிடம் சொன்னார்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். ஓரிரு நாளில் எடை ஒன்றரை கிலோ ஏறினால், உடம்பில் நீர் தேங்குவதாக இருக்கலாம்; அன்று பயிற்சி கிடையாது, டாக்டருக்குப் போன்தான். “பிரஷர் கம்மியா? உப்புப் போட்டு மோர் குடிங்க” என்று அக்கம்பக்கத்தில் சொல்வதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அப்பா இப்போதும் 5 மணிக்கு விழித்துக்கொள்கிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நூறு வரை எண்ணுவார். சைக்கிள், டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். தாழ்வாரம் சாயங்காலம். ஞாயிறன்று மட்டும் ஆட்டோவில் கடற்கரைக்குப் போய், பழைய நண்பர்கள் நடந்து முடித்து வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.