இரண்டாயிரம் ரூபாய் ராடும் பெண்ணையாற்று ஜிலேபியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூருக்கு மாறுதல் வந்ததும் வீட்டில் உள்ளவர்கள் வாடகையையும் பள்ளிக்கூடத்தையும் விசாரித்தார்கள். நான் விசாரித்தது, தூண்டில் போட்டு உட்கார எங்காவது தண்ணீர் உண்டா என்றுதான். சேரன்மகாதேவிக்காரி நான். தாமிரபரணிப் படித்துறையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மூங்கில் கம்பும் தங்கூசி என்கிற நைலான் நரம்புமாகக் கெண்டை பிடித்து வளர்ந்தவள். கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது வருடம் புத்தகம் அடுக்கியும் அந்தப் புத்தி போகவில்லை.

இந்த ஊர்க் கணக்கு வேறு. இங்கே ஆற்றில் எந்நேரமும் தண்ணீர் ஓடாது. ஏரியும் அணையும்தான். அவற்றில் நல்ல மீன் கரையை விட்டுத் தள்ளி நிற்கும், ஆறடி மூங்கிலுக்கு எட்டாது. அதனால் ஆன்லைனில் ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (நரம்பு சுற்றும் சக்கரம்) சேர்ந்த செட் ஒன்றை 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வருடம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களில் என்னை மாதிரி கிறுக்கு யாருக்காவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். பிராண்ட் பெயர் கேட்காதீர்கள். அது இரண்டாவது மழையிலேயே கம்பிலிருந்து அழிந்துவிட்டது.

முதல் பார்சலில் ஏழடிக்குப் பதில் ஆறடி ராடு வந்தது. திருப்பி அனுப்பி, மாற்றி வாங்குவதற்குள் பதினெட்டு நாள் ஓடிவிட்டது. சரி, வந்த பெட்டியில் இருந்தவை: மடக்கினால் பைக்குள் அடங்கும் ராடு, 3000 அளவு ரீல், ஒரு சுருள் நரம்பு, ஒரு டப்பா தூண்டில் முள், ஈயக்குண்டுகள், ரப்பர் தவளை இரண்டு, பளபளவென்று நாலு பிளாஸ்டிக் மீன். அந்த நாலு மீனையும் இன்றுவரை எந்த மீனும் சட்டை செய்யவில்லை. அதில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக் குழந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்து ஏரி. அரை மணி நேரத்தில் ஒரு பையன் மொபெட்டில் வந்து நின்றான். "ஏரி குத்தகைக்கு எடுத்திருக்கோம்ங்க, மீன் குஞ்சு விட்டிருக்கு." தாமிரபரணியில் யாரையும் கேட்டுப் பழக்கமில்லாத எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவன் பக்கம்தான் நியாயம். ஏலம் எடுத்து, கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கி விட்டுக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். இப்போதெல்லாம் முதலிலேயே குத்தகைக்காரரைக் கேட்டுவிடுவேன். பிடித்ததை எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு எடுத்துப்போகச் சொல்வார். ஆகாயத்தாமரை மண்டிய ஓரத்தில் அந்த ரப்பர் தவளை மட்டும் ஒருமுறை வேலை செய்தது. இலைமேல் தத்தித் தத்தி இழுத்து வரும்போது விரால் ஒன்று 'ளொப்' என்று வாயைத் திறந்து கவ்வியது. முக்கால் கிலோ. பெட்டியில் வந்த சாமான்களில் தவளைக்கு மட்டும் முழு மதிப்பெண்.

என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி அணைக்குத்தான், அதாவது கே.ஆர்.பி. டேமுக்கு. தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கட்டியது, முழு நீர்மட்டம் 52 அடி. மதகுப் பக்கமும் சுவர்ப் பக்கமும் தூண்டிலோடு போகவே கூடாது. நான் உட்காருவது மேலே நீர்ப்பிடிப்பு ஓரத்தில், அங்கே பரிசலில் வலை விரிக்கும் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு. அவரை முதல் நாள் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். "மளிகைக் கடையா வச்சிருக்கேன்?" என்று சிரித்தார். இப்போது அவர் எனக்கு "அண்ணா", நான் அவருக்கு "டீச்சர்". நூலகர் என்று எத்தனை முறை சொன்னாலும் டீச்சர்தான். 2017 நவம்பரில் மதகு உடைந்து தண்ணீர் போன கதையை, நேற்று நடந்த மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

கோடையில் தண்ணீர் உள்வாங்கும்போது கரைச் சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் வட்டமாகக் குழிகள் தெரியும். முதலில் மாட்டுக் குளம்பு என்று நினைத்தேன். ஜிலேபி மீன் முட்டையிடத் தோண்டிய பள்ளம் என்று காட்டியவர் அவர்தான். ஆண் மீன் வாயாலேயே மண்ணை அள்ளித் துப்பித் தோண்டுமாம். பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். அந்தக் குழிகளுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர் தொடங்கும் இடத்தில் மண்புழு கோத்துப் போட்டால் ஜிலேபி வந்துகொண்டே இருக்கும். அதற்கு ராடும் வேண்டாம், ரீலும் வேண்டாம். மூங்கிலே போதும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முள்ளைக் கழற்றும்போது முதுகுத் துடுப்பைத் தலையிலிருந்து வாலை நோக்கி அழுத்திப் பிடியுங்கள். எதிர்ப்பக்கமாகப் பிடித்து என் உள்ளங்கை கிழிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

செட்டுக்குக் கொடுத்த காசு கட்லாவுக்குத்தான் ஈடானது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் வெல்லத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, முள்ளோடு சேர்ந்த கம்பிச் சுருளில் (ஸ்பிரிங்) உருண்டையாகப் பிடித்து, நாற்பதடி தூரம் வீசிவிட்டுக் கம்பைக் கவட்டைக் குச்சியில் சாய்த்து வைக்க வேண்டும். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. மார்ச்சில் ஒரு காலை பதினோரு மணிக்கு ராடு தலையாட்டியது. எடுப்பதற்குள் ரீல் 'கிர்ர்' என்று நரம்பை விட ஆரம்பித்தது. பெட்டியில் வந்த பழைய நரம்பாக இருந்தால் அன்றைக்கே அறுந்திருக்கும். அது ஸ்பூலிலிருந்து ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு வரும், முடிச்சுப் போட்ட இடத்தில் பட்டென்று போகும். முதல் மாதமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிருஷ்ணகிரியில் வலை, கயிறு விற்கிற கடையில் 0.35 மில்லிமீட்டர் நரம்பு வாங்கிச் சுற்றியிருந்தேன். கட்லா மூன்று கிலோ. இழுத்தால் இழுக்க விட்டு, நின்றால் சுற்றி, கால் மணி நேரம் ஆயிற்று. பரிசல்காரர் தூரத்திலிருந்தே, "விடு டீச்சர், விட்டு இழு!" என்று கத்திக்கொண்டிருந்தார். ரீலின் பிரேக் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது.

ஒன்றும் கிடைக்காத நாளில் அணைப் பக்கத்துக் கடைகளில் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு போவேன். நான் பிடித்தது என்று வீட்டில் சொல்ல முடியாது, மசாலா வாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு ஒரே ஒரு முறை போனேன். பெங்களூருக் கழிவு சேர்ந்து வருகிற தண்ணீர். நுரை பொங்கி நின்றதைப் பார்த்துவிட்டு ராடைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பிவிட்டேன். ஒகேனக்கல்லுக்கு இந்தச் செட்டைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: பரிசல் போங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மீன் குழம்பு சாப்பிடுங்கள், ராடு வீட்டில் இருக்கட்டும். மேலே காவிரியின் இந்தப் பக்கக் காடு 2014-லிருந்து சரணாலயம். காவிரியை விட்டால் வேறெங்கும் இல்லாத, திமில் மாதிரி முதுகு தூக்கிய மஹசீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஆற்றில் முதலையும் உண்டு.

வேட்டைக்கு வழி உண்டா என்று என்னிடமே கேட்டார் புதிதாகச் சேர்ந்த ஒரு விரிவுரையாளர். முயல், கௌதாரி என்று ஆசையாகப் பட்டியல் போட்டார். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து அவர் பெயரில் பதிந்து கொடுத்தேன். காடை தின்ன ஆசை என்றால் பண்ணைக் காடை சந்தையிலேயே கிடைக்கிறது.

சரி, செட்டின் உடல்நிலை. ராடின் மூன்றாவது வளையத்தில் இருந்த பீங்கான் ஐந்தாம் மாதம் கழன்றது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். மடக்கும் கணுக்களில் அணைச் சேறு காய்ந்துவிட்டால் கம்பு உள்ளே போகாது. ஒருநாள் அப்படியே ஏழடி நீளத்தோடு ஸ்கூட்டரில், முருகன் கோயில் காவடி மாதிரி, பர்கூர் வரை வந்தேன். கிளம்புமுன் ஈரத்துணியால் ஒவ்வொரு கணுவையும் துடைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ரீலின் கைப்பிடித் திருகு தளரும், சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். முள் டப்பாவில் பாதி துருப்பிடித்துவிட்டது.

மறுபடி வாங்குவேனா? செட்டாக வாங்க மாட்டேன். ராடும் ரீலும் தனியாக, நரம்பும் முள்ளும் கிருஷ்ணகிரிக் கடையில், தவளை மட்டும் இரண்டு கூடுதலாக. ஜிலேபிக்கு மட்டும் போகிறவர்கள் இந்த 2,150 ரூபாயை மிச்சம் பிடித்து மூங்கில் வெட்டிக்கொள்ளலாம். சின்ன ஜிலேபியைப் புளி தூக்கலாகக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களியோடு சாப்பிடக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கட்லாவை அவர் வீட்டில் யாரும் தொடுவதில்லை, "ருசி கம்மி" என்கிறார். அந்த மூன்று கிலோவையும் நாங்களேதான் மூன்று நாள் தின்று தீர்த்தோம்.